ஜெய்னுதீனின் பாலில்லாத சாக்லேட் ஐஸ்

வேலை முடிந்து வந்தால் ஜெய்னுதீன் நேராகக் குளியலறைக்குத்தான் போவார். முழங்கைவரை இரண்டு முறை சோப்புப் போட்டு, கடைச் சட்டையைத் தனி வாளியில் முக்கிவிட்டு, அதன் பிறகே மகள் ஹனீனைத் தூக்குவார். பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகத் தே தாரிக், அதாவது குவளைக்குக் குவளை உயரத் தூக்கி ஊற்றி நுரைக்க வைக்கும் பால் தேநீர், ஆற்றுகிறவர். நாள் முழுதும் கெட்டிப்பாலில் புழங்கும் கை. ஏழு வயது ஹனீனுக்கோ பால் ஆகாது.

நான்கு வயதில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வாயில் பட்டு, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்தாள். அன்றிலிருந்து விருந்துகளுக்கு அவள் தன் பிஸ்கட் டப்பாவோடுதான் போவாள். போன வருடம் ஒரு பிறந்தநாளில், "நீ ஏன் சாப்பிடல?" என்று யாரோ கேட்டபோது, "நான் சும்மா பாக்க வந்தேன்" என்றாள். பக்கத்தில் நின்ற ஜெய்னுதீன் அதற்கு மறுநாளே பாலில்லாத ஐஸ் செய்யச் சமையலறைக்குள் புகுந்தார்.

சுங்கை வே அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில், அந்தச் சின்னச் சமையலறையில் அவர் பேச்சு குறைந்துவிடும். நன்றாகக் கனிந்த வாழைப்பழம், ஊறிய பேரீச்சம்பழம், தேங்காய்ப்பால், கொக்கோத் தூள். வெள்ளைச் சீனி கிடையாது. கடையிலேயே கொக்கோ டப்பாவின் பொடி எழுத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். "பால் ஓடுன மெஷின்லயே இதையும் அரைச்சிருப்பான் லா" என்று சந்தேகம் தட்டினால், டப்பா கடை அலமாரிக்கே திரும்பிவிடும்.

முதலில் செய்தது கல்லாக உறைந்தது. அவகாடோ என்னும் வெண்ணெய்ப்பழம் சேர்த்ததை ஹனீன் முகர்ந்து பார்த்தே தள்ளிவிட்டாள். தேங்காய் எண்ணெயில் கொக்கோ கலந்து மேலே பூசினால் நொடியில் இறுகியது. ஆனால் இந்த ஊர் வெக்கையில் நாலு வாய்க்குள் முழங்கை வழியாக ஒழுகியது. மனைவி ஆரிஃபா தரையைத் துடைத்தபடி, "போதுங்க, பழத்தை வெட்டிக் கொடுத்துடலாம்" என்றார்.

"பொறு லா ஆரிஃபா. ஏன் இப்படி ஆவுதுன்னு தெரிஞ்சிக்கணும்ல."

பூச்சை விட்டுவிட்டார். உள்ளே இருப்பதுதான் பிடிபடவில்லை. மகளின் தீர்ப்பு ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லாக வந்தது. "மணல், அத்தா." பனித்துகள் நாக்கில் நெறுநெறுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, விடுப்பு நாள். அரைத்த கலவையைக் குளிரவைத்து எடுத்தவர், அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு புதுக் குவளைகளைக் கழுவி எடுத்தார். கடையில் தே ஆற்றுவது போல ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கினார். கறுத்த கலவை கெட்டியான நாடாவாகக் கீழே இறங்கியது. திரும்பவும், திரும்பவும். இருபதாவது முறை குவளை விளிம்பில் நுரை திரண்டது. அது அடங்குவதற்குள் அச்சுகளில் ஊற்றி, குச்சி செருகி, உறைபெட்டிக்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் ஹனீன் கடித்தாள். குச்சியை நக்கி முடித்த பிறகு, "இன்னொண்ணு இருக்கா அத்தா?" என்றாள்.

ஜெய்னுதீன் கேட்டார்: "மணலா?"

"இல்ல. மேகம்."

அந்தச் சனிக்கிழமை பக்கத்து வீட்டு ரிஷியும் மாடிப் பிள்ளைகள் ஐந்தாறு பேரும் வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, வீட்டு வாசல் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தட்டிலிருந்து ஒரே மாதிரிக் குச்சி. ரிஷியின் அம்மா சந்திரகலா தானும் ஒன்றைச் சுவைத்துவிட்டு, "அண்ணே, பால் இல்லன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. வித்துப் பாருங்களேன்" என்றார். ஜெய்னுதீன் காதில் அது ஏறவில்லை. "அடுத்தது டிராகன் பழம் போட்டுப் பாக்கணும்மா, தண்ணி அதிகமா இருக்கும், அதான் யோசனை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஹனீனின் குச்சி தீர்ந்துவிட்டது. ரிஷி தன்னுடையதில் கடிக்காத பாதியை உடைத்து அவளிடம் நீட்டினான். வேறொருவர் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாதென்று பழகியவள், வாங்காமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற ஆரிஃபா பதறி ஓரடி எடுத்து வைத்தார்.

ஜெய்னுதீன் மனைவியின் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.