கபரகொய்யாவும் நீர்க்காகமும்

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது நௌஃபருக்கு ஒன்பது வயது. தம்பி அக்மலை இடுப்பில் சுமந்தபடி வந்தான். இன்று பள்ளிவாசல்துறையில் அவனுக்கு ஒரு படகு இருக்கிறது, கூடவே நீளமான வாயும் இருக்கிறது. அக்மல் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு முழுகிக் கடலட்டை குளிப்பான். நௌஃபர் படகிலிருந்து குமிழியைப் பார்த்திருப்பான். சும்மா பார்த்திருப்பவனுக்குத்தானே வாய் நீளும்.

அக்மல் ஆறுதலாக, மெல்லத்தான் மேலே வருவான். இடையில் இரண்டு தரம் கயிற்றைப் பிடித்துத் தொங்கி நின்று வருவான். அது வெட்டி நேரம் என்பது நௌஃபரின் கட்சி. களப்போரச் சேற்றில் கிடக்கிற ஆள் நீளக் கபரகொய்யா, அதுதான் நீருடும்பு, தண்ணீருக்குள் போனால் எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. பக்கத்துக் கம்பில் இருக்கிற நீர்க்காகமோ முழுகிய கையோடு மீனும் வாயுமாக மேலே வந்து நிற்கும். தம்பியும் ஒரு கபரகொய்யாதான் என்று கரையெல்லாம் சொல்லிச் சிரித்தான். பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது. அக்மலின் மனைவி ஆதிலாகூட ஒருநாள் சிரித்துவிட்டாள். அக்மலுக்கு ரோசம் வந்தது.

போன பெப்ரவரியில் ஒரு முற்பகல், பதினைந்து பாகம், தொண்ணூறு அடி ஆழத்திலிருந்து அவன் எங்கும் நில்லாமல் நீர்க்காகமாக வந்தான். நௌஃபர் கைதட்டினான். சிறிது நேரத்தில் தம்பி படகுக்குள் சரிந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றான்.

நில்லாமல் வந்ததில் இரத்தத்தில் காற்று குமிழி கட்டிவிட்டது என்று நௌஃபருக்கு விளங்கியது. கரைக்கே ஒரு மணித்தியாலம். அட்டை குளிப்பவர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு: விழுந்தவனைப் புதுச் சிலிண்டரோடு மறுபடி ஆழத்தில் இறக்கி வைப்பது. சிலருக்குச் சரிவந்திருக்கிறது. மற்றவர்களைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. காலில் உணர்ச்சி வந்தால் இரண்டு தரம் இழு என்று சொல்லி, தம்பியைக் கயிற்றில் கட்டி இறக்கினான்.

கயிறு அசையவில்லை. யா அல்லாஹ், என் காலை எடுத்துக்கொண்டு அவனுடையதைக் கொடு என்று நௌஃபர் வாய்விட்டு அழுதான். தன் நாக்கை அறுத்துக் கடலில் எறியலாம் போலிருந்தது. முக்கால் மணித்தியாலம் கழித்து, நிறுத்தி நிறுத்தி, அவனை மேலே எடுத்தான். படகில் கிடத்தி, பாதங்கள் இரண்டையும் மடியில் வைத்துத் தோல் உரியத் தேய்த்தான்.

அக்மல் வானத்தைப் பார்த்தபடி அண்ணனைக் கூப்பிட்டான்.

"நானா, கோவிக்காதீங்க. என்ட காலக் கொஞ்சம் தேச்சு உடுங்க."

நௌஃபர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.