இலஞ்சியில் ஊமையான ரேடியோக்கள்

தென்காசிக்கு நான் முதன்முதலாகப் போனது அருவி பார்க்க அல்ல. ஒரு மெக்கானிக் மேல் விழுந்த பழியை உறுதிசெய்து கையெழுத்துப் போட. அறுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். அப்போது மதுரையில் ஒரு ரேடியோ கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். எங்கள் புது டிரான்சிஸ்டர் செட்டுகளைத் தென்காசிப் பக்கத்துப் பஞ்சாயத்துகள் வாங்கியிருந்தன. இரண்டே மாதத்தில் ஒன்பது செட்டுகள் ஊமையாகிவிட்டன. "அங்கே நம்ம சர்வீஸ் பார்க்கிற கனி நல்ல டிரான்சிஸ்டரைக் கழற்றி வித்துட்டு, எரிஞ்சதை மாட்டி வைக்கிறான். போய்ப் பார்த்து எழுதிக் கொடு" என்றார் மேனேஜர். நான் பார்ப்பதற்கு முன்பே அவர் முடிவைச் சொல்லிவிட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

காலை ஆறே கால் பாசஞ்சரில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, மூன்றேகால் ரூபாய். விருதுநகர், ராஜபாளையம் வழியாக நூறு மைல். ராஜபாளையம் தாண்டியதும் மலை வலப்பக்கம் கூடவே வரும். ஜன்னலோரம் பிடிக்க நினைப்பவர்கள் அந்தப் பக்கம் உட்காருங்கள். என் மடியில் கம்பெனி கொடுத்தனுப்பிய, பிரிக்காத புது செட் ஒன்று இருந்தது. 'சரக்கு நல்ல சரக்கு' என்று ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காக.

பன்னிரண்டு மணிக்குத் தென்காசி. ஸ்டேஷனுக்கே வந்திருந்தார் கனி. கடையநல்லூர்க்காரர், நெசவுக் குடும்பம், நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர். கும்பிடு போட்டுவிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்.

"விசாரிக்க வந்திருக்கீய, சந்தோசம். ஆனா தீர்ப்பு முந்தாநாளே தபால்ல வந்துட்டு சார்."

அவரை சர்வீஸ் வேலையிலிருந்து நீக்கிய கடிதம். காரணம், 'எங்கள் இன்ஜினியரின் நேரடிப் பரிசோதனை'. அந்த இன்ஜினியர் நான்தான். அப்போதுதான் ரயிலைவிட்டு இறங்கியிருந்தேன். என் பெயரில் ஒருவரைத் திருடன் ஆக்கிவிட்டு, எனக்கே தெரியாமல் தபாலில் போட்டிருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் நின்றபடி அதை இரண்டு முறை படித்தேன்.

"இலஞ்சிப் பஞ்சாயத்துல திங்கக்கிழமை போலீசுக்கு எழுதப் போறாங்களாம். கடைக்கு ஒருத்தரும் வரல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். செட்டைத் திறந்து பாத்துட்டு எழுதுங்க."

அவர் கடை ரத வீதியில், பத்தடிக்கு ஆறடி. அங்கிருந்த ஒன்பது செட்டையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பழுது: ஏரியலிலிருந்து வரும் சின்ன சிக்னலை வாங்கிப் பெருக்கும் முதல் டிரான்சிஸ்டர் மட்டும் போயிருந்தது. மற்றவை நன்றாக இருந்தன. திருடுகிறவன் ஒன்பதிலும் அந்த ஒன்றை மட்டுமா எடுப்பான்?

"எல்லாம் இடி விழுந்த சாயங்காலம் போனதுதான் சார். மரத்துல விழல. எங்கனயோ மலைப்பக்கம் வெட்டுது, இங்கன செட்டு செத்துப்போவுது."

அவர் சொன்னது சரி. தூரத்து மின்னல்கூட நீளமான ஏரியல் கம்பியில் ஒரு நொடி பெரிய மின்னழுத்தத்தை எழுப்பும். பழைய ரேடியோக்களின் கண்ணாடி வால்வு அதைத் தாங்கிக்கொள்ளும், டிரான்சிஸ்டர் தாங்காது. அதற்காகத்தான் எங்கள் வரைபடத்தில் முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னால் இரண்டு சின்ன டயோடுகள் எதிரெதிராகப் போட்டிருக்கும். சாதாரண சிக்னல் வரும்போது அவை சும்மா இருக்கும். அளவு மீறினால் குறுக்கே திறந்து, அதிகப்படியைத் தரைக்கு வடித்துவிடும்.

அந்த ஒன்பதிலும் அவை இல்லை. கனி கழற்றியதா என்று அறிய, நான் கொண்டுபோன புது செட்டைப் பிரித்தேன். பெருக்கும் கட்டங்கள் எல்லாம் ஒரே பலகையில் இருந்தன. டயோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வெறும் துளைகள். அடையாளம் அச்சடித்திருக்கிறது, பொருள் இல்லை. தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டார்கள். செலவு மிச்சம்! செட்டோடு தரும் புத்தகத்திலோ, 'வெளியே அறுபதடி ஏரியல் கட்டவும்' என்று இவர்களே அச்சடித்திருக்கிறார்கள்.

மூன்று மணிக்கு பஸ்ஸில் இலஞ்சி போனோம். இரண்டு மைல், பத்துப் பைசா. பஞ்சாயத்துத் தலைவர் சங்கரலிங்கம் கனியைப் பார்க்கவே இல்லை. என்னிடம் மட்டும் பேசினார்.

"சொல்லுங்க சார். எத்தனை களவு போயிருக்கு?"

புது செட்டை மேசையில் வைத்துப் பாட வைத்தேன். அங்கே இருந்த பழைய வால்வு செட்டின் தொண்ணூறு வோல்ட் பேட்டரியில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு கண்டன்சரை சார்ஜ் செய்து, ஏரியல் முனையில் ஒரே ஒரு தடவை தொட்டேன். 'டக்' என்றது. பாட்டு நின்றது.

"புது செட்டு, அண்ணாச்சி. கனி இதைத் தொடவே இல்லை" என்றேன்.

கனி அங்கேயே டிரான்சிஸ்டரை மாற்றினார். வேறு கம்பெனிப் பழைய செட்டுகளிலிருந்து கழற்றி வைத்திருந்த இரண்டு டயோடுகளை அந்தத் துளைகளில் வைத்துப் பற்றவைத்தார். இப்போது கண்டன்சரைத் தலைவர் கையிலேயே கொடுத்தேன். அவர் தொட்டார். ஸ்பீக்கர் ஒருமுறை பொட்டென்றது, பாட்டு நிற்கவில்லை. ஐந்து தடவை செய்து பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"கனி, நானும்லா நம்பிட்டேன்."

"கம்பெனி லெட்டர் போட்டா யாருதான் நம்ப மாட்டாங்க, அண்ணாச்சி?" என்றார் கனி. ஆனால் தலைவர் நீட்டிய காபியை அவர் வாங்கவில்லை.

அறிக்கையை அங்கேயே எழுதி, ஒரு பிரதியைத் தலைவரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை குற்றாலம் போனேன். செந்நிறத்தில் வெள்ளம், குளிக்க விடவில்லை. விட்டிருந்தாலும் அன்று குளித்திருப்பேனா தெரியாது.

மதுரையில் மேனேஜர், "ஏரியல் கட்டியதில் தவறுன்னு மாத்தி எழுது" என்றார். பிரதி இலஞ்சியில் இருப்பதைச் சொன்னேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அடுத்த தொகுதி செட்டுகளில் டயோடுகள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தன. கனிக்கு மறுபடி சர்வீஸ் தருவதாகவும் எழுதினார்கள்; ஆனால் நடந்தது தவறு என்று ஒரு வரி இல்லை. அவர் அதற்குப் பதிலே போடவில்லை. கம்பெனி பெயரைக் கடைப் பலகையிலிருந்து சுரண்டிவிட்டு, எல்லாக் கம்பெனி செட்டையும் பழுது பார்த்தார். ஆறு மாதத்தில் நானும் வேலையை விட்டேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குளிக்கப் போவதென்றால் ஆனி, ஆடியில் போங்கள். ஐப்பசியில் மலை அழகுதான், ஆனால் பிற்பகலில் இடி நிச்சயம். வயர்லெஸ் கருவியோடு மலையேறும் நண்பர்கள் மேகம் கறுக்கும்போதே ஏரியலைக் கழற்றிவிடுங்கள். நேரடியாக விழும் இடியை எந்த டயோடும் தடுக்காது. இன்று பெருக்கி முழுவதும் நகக்கண் அளவு சில்லுக்குள் வந்துவிட்டது. அதன் வாசலில் டயோடு போன்ற காவல் இன்னும் அவசியம். அது இருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். ஒரு பொருள் பழுதானால், அதைச் செய்தவரை முதலில் கேளுங்கள். பழுது பார்க்கிறவரைப் பிறகு கேட்கலாம்.