குரூப் புக்கிங்கில் கழற்றிவிடப்பட்ட ரூம்

செஞ்சிக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவன் அன்பு. செஞ்சி வட்டாரத்தில் பனமலைக்குப் பக்கத்து ஊர்க்காரன். "கோட்டையைப் பாக்காம இன்னாடா வாழ்றீங்க" என்று ஆபீசில் தினமும் நச்சரிப்பான். லாட்ஜ்களுக்கு முன்பதிவு மென்பொருள் விற்கும் கம்பெனி எங்களுடையது. குரூப் புக்கிங் சிக்கல்களைப் போனில் தீர்த்துவைப்பது அவன் வேலை. போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஆறு பேர் கிளம்பினோம்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பஸ். திண்டிவனம் வழியாகச் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பௌர்ணமி அன்று மட்டும் இந்த பஸ்ஸில் ஏறாதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது.

லாட்ஜ் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மூன்று டபுள் ரூம், ஒன்று ஆயிரத்து இருநூறு. குரூப் புக்கிங்கில் எல்லா ரூமையும் ஒரே பெயரில் பிடித்துவைப்பார்கள். அப்புறம் எந்த ரூமில் யார் என்று பெயரும் ஆதார் நகலும் அனுப்ப வேண்டும். பெயர் வராத ரூமை மென்பொருளே விடுவித்துவிடும். முந்தின வாரமே அனுப்பியிருந்தேன். மூன்றாவது ரூம் அன்புக்கும் எனக்கும்.

ரிசப்ஷனில் இருந்தவர் இரண்டு சாவிதான் எடுத்துவைத்தார்.

"மூணாவது ரூம் ரிலீஸ் ஆயிடுச்சு சார். சாஃப்ட்வேர் தானா எடுத்துடுச்சு."

"பேரு போட்ட ரூமை அது தானா எடுக்காதுண்ணே. உங்க சாஃப்ட்வேரே எங்க கம்பெனிதான்" என்றேன்.

அவர் மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "உள்ளூர் ஆளுங்களுக்கு ரூம் குடுக்கறதில்ல சார். ரூல்ஸு."

எங்களோடு வந்த ரவியும் உள்ளூர்தான். அன்புடைய அதே ஊர், அதே பின்கோடு. ரவியின் ஆதாரில் பெருமாள் கோயில் தெரு, அன்பின் ஆதாரில் காலனி. ரவி கையில் சாவி இருந்தது.

ரிசப்ஷன்காரர் என்னிடம் மட்டும் குரலை இறக்கினார். "உங்களுக்கு வேணா மத்தவங்க ரூம்ல எக்ஸ்ட்ரா பெட்டு போடறேன் சார். ஓனர் அட்ரஸைப் பாத்துட்டாரு, நான் இன்னா பண்றது?"

அட்வான்ஸ் போனால் போகட்டும், எல்லோரும் வெளியே போவோம் என்றேன். ஒருவனும் பையைத் தூக்கவில்லை. "டென்ஷன் ஆவாத மச்சி. இங்க இப்படித்தான், அவனுக்கே தெரியும்" என்றான் ரவி.

அன்பு சிரித்தான். "குரூப்புல இருந்து ஒரு ரூமை மட்டும் எப்படி எடுக்கறதுன்னு இந்த அண்ணனுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்டா. அரை மணி நேரம், போன்ல. நல்லா கத்துக்கினாரு."

ரிசப்ஷன்காரர் இரண்டு ரூமுக்கு மட்டும் ரசீது போட்டார்.

நானும் அன்பும் மட்டும் கோட்டையின் ராஜகிரி மலை ஏறினோம். உச்சியில் அவன் தன் ஊர் இருக்கும் திசையைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் ஊரில் அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்தோம். திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னபோது, "அவங்க நம்ம கஸ்டமர்ப்பா" என்றார். அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் ஏறுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். மதியத்துக்குப் பிறகு உச்சிக்கு விடமாட்டார்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும். குரூப்பாகப் பதிவு செய்தால் ஆதார் நகலை முன்கூட்டி அனுப்பாதீர்கள், சாவி வாங்கும்போது கொடுங்கள். அப்போதும் ரூம் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

அன்பு போன வாரம் ஆதாரை மாற்றிவிட்டான். வேளச்சேரி வாடகை வீட்டு முகவரி.

"இப்ப செஞ்சில ரூம் போடு, குடுப்பாங்க" என்றான்.

நான் போடவில்லை.