பெரியப்பா சொன்ன பெயர்

பெரியப்பாவுக்குத் துணையாகப் போயிருந்த முருகையா அண்ணன் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் நின்றபோது, அவர் கையிலிருந்த கம்பளியைத்தான் முதலில் பார்த்தேன். பெரியப்பாவின் கம்பளி. முனைகளைச் சேர்த்து ஒழுங்காக மடித்திருந்தது. நடுங்கும் கையோடு பெரியப்பா அதை ஒருநாளும் மடித்ததில்லை, சுருட்டித்தான் வைப்பார். அண்ணன் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தோட்டத்தில் என் பெரியப்பா சுடலைமுத்துவை அறியாதவர் குறைவு. தேயிலை ஃபேக்டரியில் உருட்டிய இலையைச் சிமெண்டுத் தரையில் பரப்பி வைப்பார்கள். பச்சை வாடை போய்ப் பழ வாசனை எழும் நேரத்தில் அதை அடுப்புக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரத்தைச் சொல்வது பெரியப்பாவின் மூக்கு. ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "எடுங்கப்பா" என்பார். எடுப்பார்கள்.

ஒருநாள் அவர் சொல்லவே இல்லை. அத்தனை இலையும் புளித்துப்போயிற்று. குடித்திருந்தார் என்று பழி சொல்லி விறகு சுமக்க அனுப்பினார்கள். வெகுகாலம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார்: "அதுக்கு முன்னாடியே மூக்கு செத்துப்போச்சு தாயி. கூட நின்னவன் மூஞ்சியப் பாத்துத்தான் கொஞ்சநாள் ஓட்டுனேன்."

அதன் பிறகுதான் கை நடுங்கியது. குரல் தேய்ந்தது. முகத்தில் சிரிப்பு வராமல் போயிற்று. பெரியம்மா முன்பே இறந்துவிட்டதால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனால் அவரோடு இருக்க ஆள் வேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். நான் யாரிடமும் பேசாதவள். அவர் பேசினால் யாருக்கும் கேட்காது. எங்களுக்கு ஒத்துப்போயிற்று.

ஆஸ்பத்திரியின் மலையாளிக் கம்பவுண்டர் நடுக்கத்துக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். கை கொஞ்சம் அடங்கியது. முழுக்க அடங்கட்டும் என்று அம்மா கூடுதலாக இரண்டு சொட்டு விட்டாள். மூடுபனியாய் மஞ்சு இறங்கிய ஒரு மத்தியானம் பெரியப்பா அடுப்பு மூலையைக் காட்டினார்.

"ரெண்டு பொம்பளைங்க நனைஞ்சு உக்காந்திருக்காங்க. சாக்கு எடுத்துப் போடு தாயி."

அங்கே யாரும் இல்லை. சாக்கைப் போட்டேன். நாளடைவில் நானும் அதை மிதிக்காமல் சுற்றிப் போகத் தொடங்கினேன். இன்னும் அப்படித்தான் போகிறேன்.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி அத்தை சிரித்தாள். "ஒங்க வீட்டுல ஆளு கூடிப்போச்சே, கங்காணிகிட்ட இன்னொரு வீடு கேளுங்கடி!" அடுத்த வாரம் அவளே பேயோட்டும் கோடாங்கியை அழைத்து வந்தாள்.

உடுக்கை அடித்துவிட்டு, வேப்பங்குழையை ஓங்கிக்கொண்டு கோடாங்கி கேட்டார்: "நீ யாரு? பேரச் சொல்லு!"

"சுடலைமுத்து."

அடி விழுந்தது. "பொய் சொல்லாத! பேரு என்ன?"

"சுடலைமுத்துதான்யா."

"இது அவரு குரலே இல்ல" என்றார்கள் நின்றவர்கள். திரும்பத் திரும்பத் தன் பெயரையே சொன்னார். திரும்பத் திரும்ப அடி. சொட்டு குடித்த பிறகுதான் அந்தப் பெண்கள் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்றேன். சொல்லவில்லை.

மறுநாள் கம்பவுண்டரிடம் போய்ச் சொன்னேன். "மோளே, இது பேயொன்னும் இல்ல. மருந்து கூடிப்போச்சு" என்று, அம்மா சேர்த்த சொட்டை நிறுத்தச் சொன்னார். எழுப்பி நிறுத்தும் முன் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும், மலம் இறங்கப் பப்பாளி கொடுக்க வேண்டும், இல்லாத ஆளைக் காட்டினால் சண்டை போடாமல் விளக்கைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லாம் செய்தேன். நடுக்கம் திரும்பியது; பெண்கள் குறைந்தார்கள். "இன்னைக்கு ஒருத்திதான்" என்பார் பெரியப்பா.

ஆனால் அந்த அடிக்குப் பிறகு தினமும் ஒன்று கேட்டார்: "இப்ப பேசுறது நான்தானே தாயி?"

"நீங்கதான் பெரியப்பா."

போன வாரம் சளிக்காய்ச்சலில் போய்விட்டார். அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் சொல்கிறேன்: அவரைப் பேய் பிடிக்கவில்லை. நோய் பிடித்திருந்தது. பெரியப்பா, நீங்கள் போகும் வழியில் மஞ்சு இல்லாதிருக்கட்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் கோடாங்கி மறுபடி வந்தார். செத்தவர் திரும்பி வராமலிருக்க நிலைப்படியில் ஆணி அடிக்க வேண்டும் என்றார். அம்மா சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள்.

"பேரச் சொல்லுங்க. பேரச் சொல்லித்தான் அடிக்கணும்."

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, ஆணி அடிக்க இடம் விடாமல் நிலைப்படியில் உட்கார்ந்தேன்.