ட்ரோன் பற்றரியின் நான்கு விளக்குகள்

அந்த மாரிமழைக் காலபோகத்தில் நெல் கதிர் தள்ளத் தொடங்கிய நாட்களில்தான் எனக்கு என் தலையின் மேலேயே சந்தேகம் வந்தது. காரணம் ஒரு பற்றரி.

முரசுமோட்டையில் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு நெல்வயலுக்குப் பூச்சிமருந்தடிக்கிற ட்ரோன் ஒன்று கிடைத்திருந்தது. அதை அமைப்பின் மண்டபத்தில் வைத்துப் பூட்டினார்கள். பற்றரிகளை மட்டும் அங்கே வைக்க முடியவில்லை. மண்டபத்துக்குத் தகரக் கூரை. மத்தியானத்தில் உள்ளே நின்றால் மனிதருக்கே தலை சுற்றும். எங்கள் வீட்டின் பின்னறை ஓடு போட்டது, வேம்பின் நிழலில் கிடப்பது. நான் அமைப்பின் செயலாளர் வேறு. அதனால் மூன்று பற்றரிகளும் அவற்றின் சார்ஜரும் என் பொறுப்புக்கு வந்தன. ஒவ்வொன்றையும் தூக்கினால் இடுப்பு ஒருபக்கம் சாயும், அவ்வளவு பாரம். பக்கத்திலே ஒரு பொத்தான். அமத்தினால் பச்சை விளக்குகள் எரியும். நான்கும் எரிந்தால் நிறைந்திருக்கிறது, இரண்டு எரிந்தால் பாதி. அதற்கு மேல் எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

ட்ரோனை ஓட்டப் பழகியவள் அக்கராயன் ஊரைச் சேர்ந்த ஒரு பிள்ளை. ஸ்கூட்டியில் வந்து பறக்கவிட்டுப் போவாள். பற்றரிகளைக் கையில் தந்த அன்று எங்கள் விறாந்தையில் இருந்து எனக்கு எல்லாம் சொல்லித் தந்தாள்.

"அக்கா, பறக்கப்போற அண்டைக்குத்தான் முழுக்கச் சார்ஜ் ஏத்தவேணும். சும்மா கிடக்கிற நாளிலை பாதிதான் நல்லது. நிறைச்சு வைச்சால் கெதியாப் பழுதாப்போகும். ஒரேயடியா இறங்கவும் விடக்கூடாது. பறந்து வந்த சூட்டோட சார்ஜிலை போடாதேங்கோ, ஆறவிட்டுப் போடுங்கோ. போட்டிட்டு வெளியிலை போகவும் வேண்டாம்."

நான் தலையாட்டினேன். அவள் போன பின்னேரமே அமைப்பின் தலைவர் ஐயா வந்தார். அவள் சொன்னதை அவருக்குச் சொன்னேன்.

"உது சரிவராது தங்கச்சி," என்றார். "பூச்சி விழுந்தால் உடன அடிக்கவேணும். அந்த நேரம் பாத்துக் கரண்ட் நிண்டால் என்ன செய்யிறது? எப்பவும் நிறைச்சே வையுங்கோ."

என் கணவரும் அவர் பக்கம்தான் நின்றார். வன்னியில் கரண்ட் இல்லாத வருடங்களில் இவர் கார் பற்றரியை வைத்துத்தான் வீட்டுக்கு வெளிச்சமும் வானொலியும் ஓட்டினார். பற்றரி விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது இவரது எண்ணம். "பற்றரி எண்டால் நிறைஞ்சுதான் இருக்கவேணும். பாதியிலை கிடந்தால் செத்துப்போம்," என்றார். அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். அப்படிச் செத்த பற்றரிகளை நானே கண்டிருக்கிறேன். ஆனால் ட்ரோன்காரப் பிள்ளை படித்துவிட்டு வந்து சொல்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? கடைசியில், மூன்று பேரில் தலைவர்தான் தலைவர் என்று நிறைத்து வைத்தேன்.

முதல் முறை மருந்தடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. வயலில் யாரும் இறங்கவில்லை. ட்ரோன் மண்டபத்தில் கிடந்தது, பற்றரிகள் பின்னறையில் கிடந்தன. ஒரு வாரம் கழிந்திருக்கும். அறையைக் கூட்டப் போனவள் சும்மா ஒரு பற்றரியின் பொத்தானை அமத்தினேன். இரண்டு விளக்குத்தான் எரிந்தது. மற்ற இரண்டையும் அமத்தினேன். அவற்றிலும் இரண்டிரண்டுதான்.

நான் நிறைத்துத்தானே வைத்தேன்? ஒருவரும் தொடவில்லை, ட்ரோனும் பறக்கவில்லை. வீட்டில் நானும் இவரும்தான். ஒரு பற்றரியில் கையை வைத்துப் பார்த்தேன். வெயில் காயாத அந்த அறையில் அது மெல்லிய சூடாக இருந்தது, காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி. சார்ஜரோ தன் பெட்டிக்குள் குளிர்ந்துபோய்க் கிடந்தது.

சரி, நான்தான் அரைவாசியில் கழற்றியிருப்பேன் என்று நினைத்து மறுபடி ஏற்றினேன். கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருந்து, நான்கு விளக்கும் எரியும்வரை பார்த்துக் கழற்றினேன். சில நாட்கள் போக மறுபடி இரண்டு. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் இரண்டு.

அதுவரை நான் பற்றரியைத்தான் சந்தேகித்தேன். பிறகு ஒருநாள் காலையில் இரண்டு விளக்கைக் கண்டேன். செத்தவீடு ஒன்றுக்குப் போகவேண்டியிருந்ததால் வந்து ஏற்றுவோம் என்று விட்டுவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து குளித்துவிட்டுப் பார்த்தால் நான்கு விளக்கு. சார்ஜர் பெட்டிக்குள், வயர் அழகாகச் சுற்றியபடி கிடந்தது. அறையின் நடுவில் அப்படியே நின்றேன். காலையில் கண்டது இரண்டா, நான்கா? நான் ஏற்றிவிட்டுத்தான் போனேனா? செத்தவீட்டுக்கு எந்தச் சேலை உடுத்தேன் என்றுகூட ஒரு கணம் ஞாபகம் வரவில்லை.

என் அம்மாவுக்கு அப்படித்தான் தொடங்கியது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயமுதல், "நான் சாப்பிட்டனானே?" என்று கேட்பா. கடைசியில் என்னைத் தன் தங்கை என்று நினைத்துக் கதைத்தா. நானும் ஐம்பதைத் தாண்டிவிட்டேன்.

அதன் பிறகு எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். "இப்ப நான் பற்றரியைச் சார்ஜிலை போடுறன்." "இப்ப கழட்டுறன், நாலு விளக்கு." "இப்ப குசினிக் கதவைச் சாத்துறன்." இவர் ஒன்றிரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆரோட கதைக்கிறீர்?"

"ஒருத்தரோடயும் இல்லை."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. அவருக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

கிளிநொச்சிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆசுப்பத்திரிக்குப் போனேன். வைத்தியர் இளம் பெண்.

"என்ன செய்யுது அம்மா?"

"மறதி."

"எதை மறக்கிறீங்கள்?"

பற்றரி ஏற்றினதை என்று சொல்ல வாய் வரவில்லை. "செய்ததைச் செய்தனானோ எண்டு தெரியுதில்லை," என்றேன். அவ மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்திருக்கச் சொன்னா. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னா. தாளில் மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னா. எல்லாம் செய்தேன். பிறகு அந்த மூன்று சொற்களையும் கேட்டா, பிழையில்லாமல் சொன்னேன்.

"உங்களுக்கு மறதி இல்லை. நல்லா நித்திரை கொள்ளுங்கோ," என்றா.

சந்தோசப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ குழப்பம் கூடியது. மறதி இல்லையென்றால் அந்த விளக்குகளை யார் கூட்டிக் குறைக்கிறார்கள்? சொன்னபடி துணியும் எடுக்காமல் வெறுங்கையோடு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து பொத்தானை அமத்தினேன். போகும்போது இரண்டாக இருந்தது நான்காக இருந்தது. கதவடியில் குந்தி அழுதேன்.

மழை விட்டது. பயிரில் பூச்சி விழுந்துவிட்டது என்று தலைவர் ஐயாவுக்கு ஆள்மேல் ஆளாகச் சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த நாள் விடிய வெள்ளணவே அக்கராயன் பிள்ளை வந்தாள். பற்றரிகளை எடுக்க என்னோடு பின்னறைக்குள் வந்தவள், ஒன்றைத் தூக்கிவிட்டு அப்படியே மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"அக்கா, இதைப் பாத்தனீங்களோ?"

குனிந்து பார்த்தேன். தட்டையாக இருக்கவேண்டிய பக்கம் வெதுப்பகத்துப் பாண் மாதிரி ஊதிப் பொம்மியிருந்தது. ஒவ்வொரு நாளும் விளக்கைப் பார்த்த நான் பற்றரியைப் பார்க்கவில்லை.

"இது இனிப் பறக்காது. சார்ஜிலயும் போடக்கூடாது, நெருப்புப் பிடிக்கும்," என்றாள். "எப்பிடி வைச்சிருந்தனீங்கள்?"

மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நிறைத்து வைத்தது, அது குறைந்தது, நான் ஏற்றியது, ஏற்றாமலே சில நாள் கூடியது. அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"குறையிறது சரி அக்கா. இந்தப் பற்றரிக்குள்ள ஒரு சின்ன மூளை இருக்கு. நிறைஞ்சபடி கனநாள் கிடந்தால் பழுதாப்போவன் எண்டு அது தானாவே பாதிக்கு இறக்கிப்போடும். அதுதான் அந்தச் சூடும். நீங்கள் இறங்க இறங்க ஏத்தியிருக்கிறியள். ஆனால் தானாக் கூடாதே?"

கதவடியில் நின்ற என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"கூட்டினது நான்தான்."

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"இவ அந்த ரெண்டு விளக்கைக் கண்டால் முகம் செத்துப்போய் நிக்கிறா. தன்பாட்டிலை கதைக்கிறா. நாலும் எரிஞ்சால் மனம் ஆறும் எண்டு, இவ வெளியிலை போற நேரத்திலை போட்டுவிட்டனான்."

"எத்தினை தரம்?"

"இவ போன நேரமெல்லாம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "முதல் நாள் அடிச்சுப்போட்டு வந்த உடனயும் ஒண்டைப் போட்டனான். இவ களைச்சுப் போயிருந்தவ," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். "எனக்கு விசராக்கிப்போச்சு எண்டு ஆசுப்பத்திரிக்குப் போட்டு வந்தனான், தெரியுமே?"

அவருக்கு அது தெரியாது. "சொன்னால் பிறகும் யோசிப்பீர் எண்டுதான்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். பிறகு வந்து என் கையில் இருந்த சார்ஜர் வயரை வாங்கி, எதற்கென்று தெரியாமல் சுற்றத் தொடங்கினார்.

"பிள்ளை, தானாக் குறையும் எண்டு அண்டைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று அவளைக் கேட்டேன்.

"சொன்னனானே அக்கா," என்றாள். பிறகு யோசித்தாள். "சொல்லேல்லையோ? விறாந்தையிலை இருந்து கதைக்கேக்கை... தெரியேல்லை அக்கா. முரசுமோட்டையிலை சொன்னனானோ, வேற ஊரிலை ஆருக்கும் சொன்னனானோ."

பற்றரி எதனால் பொம்மியது, நிறைத்ததாலா, சூட்டோடு போட்டதாலா, முதலிலேயே பழுதா என்றும் அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று மிச்ச இரண்டு பற்றரிகளோடுதான் மருந்தடித்தோம். ஒன்று பறக்கும்போது மற்றதை வரம்பில் மரநிழலில் ஆறவைத்தோம். ஆறியதும் தலைவர் ஐயா கொண்டுவந்த ஜெனரேற்றரில் ஏற்றினோம். "கெதியாப் போடுங்கோவன்," என்று அவர் அவசரப்படுத்தினார். "தொட்டுப் பாருங்கோ ஐயா, இன்னும் சுடுது," என்று அவள் சொன்னாள். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு நிழலில் போய்க் குந்தினார். வெயில் ஏறமுதல் முடிக்க வேண்டியது இழுபட்டு, மிச்ச வயலை மறுநாள் அடித்தோம். பயிர் தப்பியது.

இப்போது பற்றரிகளைப் பாதியிலேயே வைக்கிறேன். பறக்கிற நாள் காலையில் மட்டும் நிறைக்கிறேன். இவர் தொடுவதில்லை, ஆனால் இடைக்கிடை வந்து இரண்டு விளக்கைப் பார்த்துவிட்டு, "பாவமாக் கிடக்கு," என்று சொல்லிப் போவார். என் தலையைப் பற்றிய பயம் போய்விட்டது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவள் விறாந்தையில் அதைச் சொல்லி நான்தான் மறந்தேனோ என்ற கேள்வி, வேலையில்லாத மத்தியானங்களில் வந்து போகும்.

பொம்மிய பற்றரியை ஒரு பழைய இரும்பு வாளியில் மணல் போட்டு, வீட்டுக்குத் தூரமாக வேலிக்கரையில் வைத்தோம். அதை எங்கே கொடுப்பது என்று பிரதேச சபையில் கேட்டேன். குப்பை வண்டியில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். தலைவர் ஐயா மண்ணுக்குள் தாட்டுவிடச் சொன்னார். அக்கராயன் பிள்ளை புதைக்கவே கூடாது என்றாள். வவுனியாவில் பழைய பற்றரி எடுக்கிற ஒரு முஸ்லிம் முதலாளியின் நம்பரை யாரோ தந்தார்கள். அதற்குக் கோல் எடுத்தேன்.

"எடுக்கலாம் தங்கச்சி," என்றார் அவர். "ஆனா அத பஸ்ஸில மட்டும் கொண்டு வந்துராதீங்க. பத்திக்கிட்டா எல்லாருக்கும் ஆபத்து."

"அப்ப எப்பிடிக் கொண்டுவாறது?"

"அதுதான் எனக்கும் வெளங்குதில்ல," என்றார்.

வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது. மழை விழாமல் மேலே ஒரு தகரத்தைச் சரித்து வைத்திருக்கிறோம்.