மணி காட்டிய எள்ளுருண்டை

திருக்கோகர்ணம் திருவிழாவில் மூன்று வருடமாக சொர்ணவல்லியின் எள்ளுருண்டைக் கூடை பாதிகூட விற்காமல் வீடு திரும்பியது. இந்த முறையும் விற்காவிட்டால் இனிக் கடையே போடுவதில்லை என்றிருந்தாள். பிள்ளைகளெல்லாம் எதிரே மிட்டாய் விற்ற சேவுகனைத்தான் மொய்த்தார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? ஒரு துண்டு வாங்கித் தின்று பார்த்தாள். வெறும் சீனியும் சாயமும், நாக்குதான் சிவந்தது.

பிறகு பிள்ளைகளைக் கவனித்தாள். சேவுகன் சவ்வு மிட்டாயை இழுத்து மணிக்கட்டில் கடிகாரமாகச் சுற்றிவிட்டார். அந்நாளில் சமஸ்தானத்து உத்தியோகஸ்தர் கையில்தான் கடிகாரம் இருக்கும். அதனால் பிள்ளைகள் உடனே தின்னாமல் கையைத் தூக்கிக் காட்டித் திரிந்தார்கள்.

மறுநாள் எள்ளும் கருப்பட்டியும் இடித்த உருண்டையை வட்டமாகத் தட்டினாள். இளம் பனையோலையில் பொதிந்து, முதலில் வந்த சிறுமியின் கையில் கட்டினாள்.

"மணி என்னக்கா?"

"திங்கிற மணிதான், போ!"

உச்சிவேளைக்குள் கூடையில் ஒன்றுதான் மிச்சம். சேவுகன் எழுந்து வந்தார்.

"எந்தொழிலையே களவாண்டுட்டியே, தாயி!"

சொர்ணவல்லி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவரோ கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு கட்டிவிடு. சீனி பட்டாலே பல்லு கூசுது."

"கட்டுறேண்ணே. அடுத்த வருசமும் இங்கிட்டுத்தான் கடை போடுவேன், ஆமா!"