என் மகள் காட்டிய கோஷ்டி

எனக்கு மலையாளம் பேச வரும். முழுசாகப் புரியும் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து கொச்சங்காடிக்கு வந்து ஏழு வருஷமாக ஹோட்டலில் மாவாட்டுகிறேன். அடுப்படிப் பேச்சைத் தாண்டி என் மலையாளம் போகவில்லை.

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளின் டீச்சர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். "மோள் கிளாஸில் கோஷ்டி காட்டுந்நு. இனி வேறே இருத்தும்" என்றார். தனியாக உட்கார வைக்கப்போகிறார் என்பது புரிந்தது. கோஷ்டியும் புரிந்ததாகவே நினைத்தேன். அடி பாதகத்தி, ஒன்பது வயதில் ஆள் சேர்க்கிறாளா!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "யாருடி உன் கோஷ்டி? எத்தனை பேரு?" என்று பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் கண் படபடவென்று அடித்தது, தோள் வெட்டி வெட்டி இழுத்தது. தட்டைத் தூக்கி எறிந்தாள். நான் முதுகில் ஒன்று வைத்தேன்.

"கோஷ்டின்னா கும்பல் இல்லம்மா, மூஞ்சியைக் கோணிக் காட்றது. நான் காட்டலை. அதுவா வருது" என்று அழுதாள். மறுநாள் அடித்த கையாலேயே அவளைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரி டாக்டரும் அதையேதான் சொன்னார். கண் அடிப்பதும் தோள் வெட்டுவதும் தும்மல் மாதிரி, வேண்டுமென்று செய்வதில்லை. கவனம் நிற்காததும் அவள் திமிர் இல்லை. பள்ளியில் பகலெல்லாம் அடக்கி வைப்பதுதான் வீட்டில் கோபமாக வெடிக்கிறதாம். கோபம் வந்தால் இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தள்ளி, மூச்சை மெதுவாக விடச் சொன்னார்.

பையை எங்கே வைத்தோம் என்று மறக்கிறவள், சுவரை மறக்கவில்லை. முதல் வாரம் சுவருக்குப் போவதற்குள் தட்டு பறந்தது. அப்புறம் தானாகவே எழுந்து போனாள். "நீ தள்ளுற தள்ளுல வீடு படகுத்துறைக்குப் போயிரும்டி" என்பேன். "போட்டே, போனாப் போகட்டும்" என்பாள், திரும்பாமலே. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். வளர்ந்த நான் ஒருநாளும் கற்காததை அவள் ஒரு மாசத்தில் கற்றாள்.

டாக்டர் சீட்டோடு பள்ளியில் டீச்சர்கள் அறைக்குப் போனோம். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "எந்நாலும் மற்ற குட்டிகள் சிரிக்கும். வேறே இருக்கட்டெ" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "சிரிக்கிற பிள்ளைகளைத் தனியா உக்கார வைங்க!" என்று கத்தினேன். டீச்சர் முகம் இறுகியது. காரியத்தை நானே கெடுக்கப்போகிறேன் என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

சேலையை யாரோ இழுத்தார்கள். "அம்மா, சுவர்" என்றாள் மகள்.

டீச்சர்கள் எல்லாம் பார்க்க, அந்த அறைச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றேன். முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"டீச்சர், இது கோஷ்டியல்ல. தும்மல் போலெயா. ஞான் வேறே இருக்கில்ல."

அவள் தொண்டை இடையிடையே 'க்கும்' என்றது. ஆனால் குரல் நடுங்கவில்லை. டாக்டர் சீட்டை மறுபடி பிரிக்கிற சத்தம் கேட்டது.

"பழைய ஸ்தலத்து தன்னெ இருந்நோ" என்றார் டீச்சர்.

அவள் வகுப்பில் தன் பழைய இடத்துக்கே ஓடிவிட்டாள். சுவரிலிருந்து கையை எடுக்க எனக்குத்தான் நேரமாயிற்று.